கையால் முதல் கத்தி செய்வது எப்படி: வீட்டுப் போர்ச்சில் தொடங்குபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கத்தி செய்யப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது ‘அண்ணே, உலை எங்கே?’ என்றுதான். நெருப்பு வேலை மொத்தமே ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். மீதி முழுக்க அரமும் மணல்தாளும்தான். அதைவிட, எதற்குப் பிறகு எது என்கிற வரிசையில்தான் புதியவர்கள் கவிழ்கிறார்கள். இரும்பு மென்மையாக இருக்கும்போதே முடித்தாக வேண்டிய வேலைகள் சில உண்டு, கெட்டியான பிறகே தொட வேண்டியவை சில உண்டு. இரண்டையும் மாற்றிச் செய்தால் பல நாள் உழைப்பு எண்ணெய்க்குள் ஒரு ‘டிக்’ சத்தத்தோடு வெடித்துப் போய்விடும்.

இதில் சுத்தியல் அடி கிடையாது. தயாரான தட்டைப் பட்டையை அறுத்து, அராவி, தோய்த்து (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கிக் கெட்டியாக்கி), பிடி போடுகிற முறை மட்டும். கோலாலம்பூரில் ஒரு லிங்க் வீட்டுக் கார் போர்ச் இருந்தால் போதும். கொண்டோவில் இருப்பவர்கள் அராவும் வேலையைப் பால்கனியில் செய்துகொள்ளலாம், நெருப்புக்கு மட்டும் தரைவீட்டு நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. என்ன கத்தி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாய் நீளம் 10 முதல் 12 சென்டிமீட்டர், அகலம் 3 சென்டிமீட்டர், கனம் 2.5 அல்லது 3 மில்லிமீட்டர். வெங்காயம், பழம், சின்ன மீன் வெட்டுகிற சமையல் கத்தி. முதல் முயற்சிக்கு இதற்கு மேல் வேண்டாம். பாராங் (நீள வெட்டுக்கத்தி) செய்யணும் என்று ஆசையாக வருகிறவர்கள் நிறைய பேர். நீளம் கூடக்கூட முழு வாயையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவருவது கஷ்டம், தோய்க்கும்போது வளைகிற வாய்ப்பும் கூடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மலேசியாவில் 1958-ஆம் ஆண்டின் அரிப்புப் பொருள், வெடிபொருள், அபாயகர ஆயுதச் சட்டப்படி, தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். சமையல் கத்தியை வேலை முடிந்ததும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகலாம். இரண்டு பக்கமும் கூரான குத்துவாளை மோட்டார் சைக்கிள் பையில் வைத்துக்கொண்டு ரோட் பிளாக்கில் போலீசுக்கு விளக்கம் சொல்லிப் பாருங்கள்.

வடிவத்தைக் காகிதத்தில் வரைந்ததும் இரும்புக்கு ஓடாதீர்கள். கெட்டி அட்டையில் வெட்டிக் கையில் பிடித்து, வெட்டுப்பலகையில் வெட்டுவது போல ஆட்டிப் பாருங்கள். பிடி சின்னதாக இருப்பதும் சுண்டுவிரல் வெளியே தொங்குவதும் அட்டையிலேயே தெரிந்துவிடும். காம்பு, அதாவது பிடிக்குள் போகிற இரும்புப் பகுதி, பிடியின் முழு நீளத்துக்கும் ஓடட்டும். இரண்டு மரத்துண்டை இரு பக்கமும் வைத்து ஆணி அடிக்கிற பழைய பாணிதான் புதியவர் கைக்குச் சுலபம்.

2. இரும்பு: பேர் தெரிந்ததையே வாங்குங்கள்

பழைய இரும்புக் கடையில் லோரி ஸ்பிரிங் பட்டை மலிவாகக் கிடைக்கும். நல்ல இரும்புதான், ஆனால் பல வருஷம் பாரம் சுமந்ததில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உள்ளே இருக்கலாம். கனமும் அதிகம், வளைவும் இருக்கும், ஏற்கெனவே கெட்டிப்பட்டது என்பதால் அரம் அதில் சுலபமாக ஏறாது. முதலில் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது கத்திக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கத்திக்கு 1084 அல்லது எஸ்கே5 என்கிற கரிம எஃகுப் பட்டை போதும். எஸ்கே5-ஐ ஜப்பானியர்கள் இப்போது எஸ்கே85 என்று குறிக்கிறார்கள், கரிமம் 0.80 முதல் 0.90 சதவீதம். இந்த வகையைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெயில் விட்டால் கெட்டியாகிவிடும், அதே சூட்டில் நெடுநேரம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. கரி அடுப்பை வைத்துக்கொண்டு வேலை செய்கிற நமக்கு அதுதான் முக்கியம்.

எஸ்கேஎஸ்3 நல்ல எஃகு, ஆனால் அதை ஒரே சூட்டில் சில நிமிடமாவது நிலையாக வைத்திருக்கணும். எஸ்கேடி11 என்றால் 1000 பாகை செல்சியஸுக்கு மேலே போகணும், வீட்டு வேலை இல்லை. ஹார்ட்வேர் கடையில் சும்மா ‘இரும்புப் பட்டை’ என்று கேட்டால் தருவது கரிமம் குறைந்த மென்னிரும்பு, கேட் செய்கிற சாமான், எத்தனை முறை தோய்த்தாலும் கூர் நிற்காது. 304 எவர்சில்வரும் அப்படித்தான். இணையத்தில் வாங்கினால் எஃகின் பேர் தெளிவாக எழுதியிருக்கிறதா, விற்பவர் ‘மென்மையாக்கப்பட்டது’ என்று சொல்கிறாரா என்று பாருங்கள்.

கத்திக்கு வேண்டியதைவிட ஒரு சாண் அதிகமாக வாங்குங்கள். அறுத்துப் போடுகிற துண்டுகளையும் எறியாதீர்கள், ஆறாவது படியில் வேலை இருக்கிறது.

3. கருவியும் இடமும்

முதலில் வைஸ். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், பட்டை ஆடினால் அரம் கோணும். கனமான பலகையில் போல்ட் போட்டு இறுக்குங்கள்.

அரம் மூன்று: 10 அல்லது 12 அங்குல முரட்டு அரம், நடுத்தர அரம், வளைவுக்கு ஒரு அரைவட்ட அரம். புதுசாகவே வாங்குங்கள். பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் காலையில் போனால் பழைய வைஸும் கிளாம்ப்பும் அருமையாகக் கிடைக்கும், ஆனால் பல் மழுங்கிய பழைய அரம் புதியவரின் கையை மட்டுமில்லை, மனசையும் கெடுக்கும்.

இவற்றோடு இரும்பறுக்கும் ரம்பம், டிரில், கிளாம்ப், கீறுவதற்கு ஓர் ஊசி, தடித்த மார்க்கர், 80-லிருந்து 600 வரை மணல்தாள், ஒரு காந்தம். ஆங்கிள் கிரைண்டர் இல்லாமல் முதல் கத்தியைச் செய்யுங்கள். அது ஒரு நொடியில் தின்கிற இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது, பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

கண்ணாடி, மூடிய காலணி, பருத்தி உடை. சிலிப்பரோடு வந்தால் நான் வேலை கொடுப்பதில்லை. ஜெரெபு (புகைமூட்ட) காலத்துக்கு வாங்கி வைத்த என்95 முகமூடி இருக்குமே, அதுவே அரம்பொடிக்கும் மரத்தூளுக்கும் ஆகும்.

4. வடிவம், பிறகு துளை

பட்டையில் மார்க்கரால் முழுக்கக் கறுப்படித்து, அட்டையை வைத்து ஊசியால் கீறுங்கள். பேனாக் கோடு ஒரு மில்லிமீட்டர் தடிமனாக இருக்கும், எந்தப் பக்கம் அறுப்பது என்ற குழப்பம் வரும். கீறல் மெல்லியது, அழியாது.

ரம்பத்தைக் கோட்டுக்கு வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டு ஓட்டி, மிச்சத்தை அரத்தால் கோடு வரை இறக்குங்கள். வளைந்த இடத்தில் குறுக்கே நெருக்கமாகப் பல வெட்டுப் போட்டுத் துண்டு துண்டாக உடைத்தெடுக்கலாம்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே வெட்டும். திரும்பும்போது தூக்குங்கள், இழுத்துத் தேய்த்தால் பல் சீக்கிரம் மழுங்கும். பல்லிடுக்கில் இரும்புத்தூள் அடைத்தால் ஆழமான கீறல் விழும். அடிக்கடி கம்பித்தூரிகையால் துடைத்து, சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துக்கொள்ளுங்கள்.

வடிவம் வந்ததும் காம்பில் பிடி ஆணிக்கான துளைகளை இப்போதே போடுங்கள். இதை மறந்துவிட்டுத் தோய்த்த பிறகு டிரிலைத் தூக்குகிறவர்கள் எப்போதும் உண்டு. கெட்டியான எஃகில் சாதாரண டிரில் முனை சூடேறிச் செத்துவிடும். ஆணியாகப் போடுகிற பித்தளைக் கம்பி 5 மில்லிமீட்டர் என்றால் துளை 5.2 இருக்கட்டும், கொஞ்சம் இடம் இருந்தால்தான் பிறகு கோர்க்கலாம்.

5. சரிவு அராவுதல்: பொறுமை வேண்டிய இடம்

முதலில் வாய் விளிம்பின் நடுக்கோடு. விளிம்பில் மார்க்கர் பூசி, பட்டையின் அதே கனமுள்ள டிரில் முனையைத் தரையில் கிடத்தி, பட்டையையும் தரையிலேயே வைத்து அந்த முனையால் விளிம்பைக் கீறுங்கள். திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. இரண்டு கோடு வந்தால் இரண்டுக்கும் நடுவேதான் மையம். இந்தக் கோடு இல்லாமல் தொடங்கினால் வாய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பாதி வழியில் திருத்த முடியாது.

சரிவு, அதாவது முதுகுப் பக்கமிருந்து வாய் விளிம்பு நோக்கி மெலிகிற பகுதி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் கீறுங்கள். காம்புக்கு முன்னால் சரிவு நிற்கிற இடத்தில் இரு பக்கமும் ஒரே நேராக இருக்க வேண்டும், அங்கே ஒரு கெட்டியான இரும்புத்துண்டைக் கிளாம்ப் போட்டு வைத்தால் அரம் தாண்டாது.

இனி அராவுவது. பட்டையை ஒரு பலகை மேல் படுக்க வைத்துக் கிளாம்ப் போடுங்கள். சரிவை ஒரே கோணத்தில் மேலிருந்து கீழ் வரை இறக்கப் பார்க்காதீர்கள். முதலில் சாய்வாக, கிட்டத்தட்ட 45 பாகைக் கோணத்தில், நடுக்கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் விட்டு இறக்கிவிடுங்கள். மறுபக்கமும் அப்படியே. வாயின் இடம் இப்போது நிலைத்துவிட்டது. அதன் பிறகு கோணத்தைப் படுக்கவைத்துக்கொண்டே போய், சரிவை முதுகுப் பக்கம் ஏற்றுங்கள். இப்படிச் செய்தால் அரம் எங்கே கடிக்கிறது என்பது எப்போதும் தெரியும். மறுபடி மறுபடி மார்க்கர் பூசுங்கள், மை அழிந்த இடம்தான் அரம் தொட்ட இடம்.

ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போவது பொதுவான தப்பு. கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று மாற்றிக்கொண்டே இருந்தால்தான் இரண்டும் ஒத்துவரும். முழங்கையால் தள்ளாதீர்கள், கால் ஊன்றி உடம்போடு சேர்ந்து தள்ளினால் அரம் ஆடாது.

எங்கே நிறுத்துவது? வாய் விளிம்பு ஒரு மில்லிமீட்டர் கனம் இருக்கும்போது. இங்கேதான் கை நிற்காது, பார்க்க ஏற்கெனவே கத்தி மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் கூர்மையாக்கலாமே என்று தோன்றும். நிறுத்துங்கள். மெல்லிய விளிம்பு நெருப்பில் முதுகைவிட முந்திச் சூடேறிக் கருகும், எண்ணெயில் அலை அலையாக வளையும் அல்லது வெடிக்கும்.

கடைசியாக 220 மணல்தாள் வரை தேய்த்து முரட்டு அரக்கீறல்களை எடுத்துவிடுங்கள். வாய்க்குக் குறுக்கே ஓடுகிற ஆழமான கீறல் ஒவ்வொன்றும் தோய்க்கும்போது வெடிப்பு பிறக்கிற இடம். கூரான உள்மூலைகளையும் வட்டமாக்குங்கள்.

6. காய்ச்சித் தோய்ப்பது

கரி இங்கே நல்லது. சாத்தே கடைக்காரர்கள் வாங்குகிற பாக்காவ் (அலையாத்தி) மரக்கரி, பேராக் மாநிலக் கோலா செபெத்தாங் சூளையிலிருந்து வருவது, கனமாக நின்று எரியும். எலுமிச்சை அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புச் சட்டியில் களிமண் பூசி, அடியில் ஒரு குழாய், குழாயில் ஹேர் டிரையர்: அவ்வளவுதான் உலை. கடைக்காரர் தருகிற வெள்ளி நிறத் தண்ணீர்க் குழாயை நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. அதன் துத்தநாகப் பூச்சு எரிந்தால் வரும் புகை ஆளைக் காய்ச்சலில் தள்ளும். கறுப்பு இரும்புக் குழாய் கேட்டு வாங்குங்கள். சட்டியை நேராகச் சிமெண்ட் தரையில் வைக்காமல் மணல் பரப்பி அதன் மேல் வையுங்கள், சூட்டில் சிமெண்ட் பெயர்ந்து தெறிக்கும்.

எண்ணெய்: வீட்டுச் சமையல் பாமாயிலே போதும். மூன்று நான்கு லிட்டர், மூடியுள்ள ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தில். கார் எஞ்சின் பழைய எண்ணெய் வேண்டவே வேண்டாம், அதன் புகை விஷம். எண்ணெயை 50 முதல் 60 பாகைக்குச் சூடாக்குங்கள். ‘சூடான எண்ணெய் எப்படி வேகமாகக் குளிர்விக்கும்?’ என்று எல்லாரும் கேட்கிறார்கள். சூடானால் எண்ணெய் நீர்த்துக் கத்தியைச் சுற்றி நன்றாக ஓடும், குளிர்ந்த எண்ணெய் பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டு சூட்டை மெதுவாகத்தான் இழுக்கும்.

மாலை ஏழரைக்கு மேல் தொடங்குங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்பின் அளவு தெரியாது. மழை வருகிற அறிகுறி இருந்தால் தள்ளிப்போடுங்கள், எண்ணெயில் மழைத்தண்ணீர் கலந்தால் சிவந்த கத்தி இறங்கும்போது தெறித்துப் பற்றும். பக்கத்தில் பாத்திர மூடியும் காய்ந்த மணலும் தயாராக இருக்கணும், எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அண்டை வீட்டில் துணி காய்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்தியை வைக்கும் முன் மிச்சத் துண்டு ஒன்றைக் காய்ச்சித் தோய்த்து, துணியில் சுற்றி வைஸில் பிடித்து உடையுங்கள். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் மெத்தென்று இருந்தால் சூடு சரி. சீனி கொட்டியது போல மின்னினால் அதிகமாகக் காய்ச்சிவிட்டீர்கள், உள்மணிகள் பெருத்துவிட்டன. உடையாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது உங்களிடம் விற்றது வேறு இரும்பு. இந்த ஒரு துண்டுக்குச் செலவழிக்கிற பத்து நிமிடத்தைத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

இப்போது கத்தி. முதுகைக் கரிக்குள் புதைத்து, முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்திக்கொண்டே இருங்கள். முனை மெல்லியது, அதுதான் முதலில் வெளுக்கும்; அதை நெருப்புக்கு வெளியே நீட்டி வையுங்கள். அடிக்கடி எடுத்துக் காந்தத்தில் தொட்டுப் பாருங்கள். சுமார் 770 பாகையில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அங்கேயே தோய்த்தால் பாதி கெட்டியாகும், நமக்கு வேண்டியது 815 பாகை அளவு, அதாவது காந்தம் விட்டதற்கு அப்புறம் இன்னும் ஒரு சாயல் பிரகாசம். சமையல் உப்பு 801 பாகையில் உருகும். கத்தியில் ஒரு சிட்டிகை தூவி, அது உருகிப் பளபளத்தால் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

வாய் முழுக்க ஒரே நிறம் வந்ததும் தயங்காமல், முனை கீழாக, நேர் செங்குத்தாக எண்ணெயில் இறக்குங்கள். காற்றில் பிடித்து ரசித்தால் மெல்லிய விளிம்பு ஆறிவிடும். உள்ளே முன்னும் பின்னும், வாயும் முதுகும் போகிற திசையில் மட்டும் ஆட்டுங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் ஒரு பக்கம் முந்திக் குளிர்ந்து வளையும். பாதியில் தூக்காதீர்கள், எண்ணெய் பற்றுவது அப்போதுதான்.

பத்துப் பதினைந்து நொடி கழித்து எடுத்து நேராக இருக்கிறதா பாருங்கள். லேசான வளைவு என்றால் இன்னும் சூடாக இருக்கும்போதே கையுறையோடு இரண்டு தட்டைப் பலகைக்கு நடுவே இறுக்கலாம். முழுக்க ஆறிய பிறகு வளைத்தால் உடைந்து கையில் வரும்.

ஆறியதும் பழைய அரத்தை வாயில் ஓட்டுங்கள். மேல்தோல் கொஞ்சம் மென்மையாக இருக்கும், அதைத் தாண்டியதும் கண்ணாடியில் ஓடுகிறமாதிரி அரம் வழுக்க வேண்டும். கடித்தால் கெட்டியாகவில்லை; மறுபடி காய்ச்சுங்கள்.

வேலை நேரத்தில் வாளியில் தண்ணீர் வைத்திருந்தால் மறுநாள் கொட்டிவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்கும் சுகாதார அதிகாரிக்கும் உங்கள் கத்தி ஆர்வம் புரியாது.

7. அன்றே ஓவனில்

தோய்த்த கத்தி கெட்டி, கூடவே நொறுங்கும் தன்மையும். தரையில் விழுந்தால் இரண்டாகும். ஓவனில் அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்தினால்தான் அந்த நொறுங்கும் தன்மை குறையும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சோப்பால் எண்ணெயைக் கழுவி, ஒரு பக்கத்தை மணல்தாளால் பளிச்சென்று தேய்த்து, 200 பாகையில் 2 மணி நேரம். வெளியே எடுத்து ஆறவிட்டு, மறுபடி 2 மணி நேரம். ஓவனின் குமிழ் காட்டுகிற எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி வையுங்கள். சின்ன டோஸ்டர் ஓவனில் சூடு ஏறி இறங்கும்; தட்டில் மணல் பரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் நிலையாக இருக்கும்.

தேய்த்த இடம் வைக்கோல் மஞ்சளாக வந்தால் சரி. ஊதா, நீலம் என்று போனால் மென்மையாகிவிட்டது, ஆறாவது படிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

8. மெலிக்கிற வேலை

காய்ச்சியதில் இரும்பின் மேல் படிந்த கறுப்புச் செதிலை வினிகரில் சில மணி நேரம் ஊறவைத்து எடுக்கலாம். பிறகு 80-ல் தொடங்கி, விளிம்பு 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரும்வரை சரிவை மெலியுங்கள். மணல்தாளைக் கெட்டியான கட்டையில் சுற்றிக்கொள்ளணும், விரலால் அழுத்தினால் சரிவின் விளிம்புகள் உருண்டுவிடும். ஒரு எண்ணின் கீறல் முழுக்கப் போகும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். 400-ல் நிறுத்தினாலும் சமையலறைக்குக் குறையில்லை. கையால் தேய்ப்பதில் ஒரு லாபம், பதம் கெடுகிற அளவுக்குச் சூடே ஏறாது.

9. பிடி

தளவாடக் கடை மிச்சத்தில் செங்கால் மரத்துண்டு கிடைத்தால் விடாதீர்கள், கெட்டி, இந்த ஈரக்காற்றைத் தாங்கும். மெர்பாவ் மரம் அழகுதான், ஆனால் ஈரம் பட்டால் சிவப்புச் சாயம் கசியும்.

இரண்டு மரத்துண்டின் முன் விளிம்பை, அதாவது கத்தி வாயைப் பார்க்கிற பக்கத்தை, ஒட்டும் முன்பே வடிவாக்கி மெருகேற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு அங்கே மணல்தாள் போட்டால் தேய்த்த கத்தியில் கீறல் விழும்.

காம்பை 80 மணல்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோனால் துடைத்து, மெதுவாக இறுகுகிற இரு குழாய் அரல்டைட் பசையைப் பூசி, மரத்திலும் காம்பின் துளைகளுக்கு நேரே போட்ட துளைகள் வழியே பித்தளைக் கம்பியைக் கோர்த்துக் கிளாம்ப் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகை அவசரத்துக்கு, பிடிக்கு இல்லை. கிளாம்ப்பை அளவோடு இறுக்கணும், பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே ஒட்ட என்ன இருக்கும்? கத்தியில் வழிந்ததை உடனே துடையுங்கள். ஒரு நாள் விட்டு, அப்புறம் அரத்தால் வடிவாக்குங்கள். இந்த நேரம் முழுக்க வாயில் டேப் சுற்றியிருக்கட்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீரில் நனைத்து, வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

10. கடைசியில்தான் சாணை

பிடி வேலை முடியும்வரை கூர் வைக்க வேண்டாம். 1000 எண் சாணைக்கல், தண்ணீர், 15 முதல் 20 பாகைக்குள் ஒரே கோணம். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் முழு நீளத்துக்கும் பிசிறு (விளிம்பில் மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு) விரலில் தட்டுப்படும்வரை பக்கம் மாறாதீர்கள். பிசிறு வராமலேயே மாறுவதால்தான் எவ்வளவு தேய்த்தும் கூர் ஏறவில்லை என்ற புகார் வருகிறது. பிறகு மறுபக்கம், அப்புறம் 3000 கல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுங்கள்.

முதல் வாரத்திலேயே வாயின் ஓரம் சின்னதாக உதிர்ந்தால் இன்னொரு முறை ஓவனில், 10 பாகை கூட்டி வையுங்கள். பிடி இருப்பதால் மரத்தை ஈரத்துணியால் சுற்றுவது, டார்ச் அடிப்பது என்று சிலர் வித்தை காட்டுவார்கள், அதைவிடப் பிடியைக் கழற்றிவிட்டு வைப்பதே மேல். உதிராமல் மடிந்தால் பதம் மென்மை. வெட்டிய உடனே கழுவித் துடைத்து வையுங்கள், இது எவர்சில்வர் இல்லை, எலுமிச்சைச் சாறோடு சிங்க்கில் விட்டால் அரை மணியில் துரு. எடுத்து வைக்கும்போது ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தோல் உறைக்குள் நிரந்தரமாக வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்தைத் தோல் பிடித்து வைத்துக்கொள்ளும்.